படுக்க வைத்துப் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்பதா?

கர்ப்பப்பை இறக்கமும் இரண்டு நிமிடப் பரிசோதனையும்



பால் வாளி ஒழுகுகிறதா இல்லையா என்று எப்படிப் பார்ப்போம்? காலி வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஒழுகவில்லை, நல்ல வாளிதான்" என்று ஒருவன் சொன்னால் பிரட்டுக்களமே கைகொட்டிச் சிரிக்காதா? நிறைய ஊற்றித் தூக்கிப் பார்த்தால்தானே ஒழுக்குத் தெரியும்! தோட்டத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது. ஆனால் பாட்டாளிப் பெண்ணின் உடம்பு என்று வந்துவிட்டால் மட்டும் காலி வாளிச் சோதனைதான் நடக்கிறது. அந்தச் சோதனையின் முடிவைத்தான் வேதவாக்காகக் கொள்ளச் சொல்கிறார்கள்.

நம் பேராக்கில் எத்தனையோ சகோதரிகளுக்கு நடப்பதை ஒரு சகோதரியின் கதையாகச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். பதினாறு வயதில் உளி பிடித்தவர். இருள் பிரியுமுன் பிரட்டுக்கு நின்று, நிரை நிரையாக மரம் வெட்டி, மங்கு மங்காகப் பால் எடுத்து, இரண்டு வாளியும் நிறையச் சுமந்து நடந்தவர். ஐந்து பிள்ளை பெற்றவர். பெற்ற உடம்பு ஆறுமுன்னே மறுபடியும் வாளி தூக்கியவர். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. இன்று ஈப்போவில் ஒரு கட்டடத்தில் தரை துடைக்கிறார். தண்ணீர் வாளி தூக்குகிறார். வாளி மட்டும் அவரை விட்டபாடில்லை!

பகல் ஏற ஏற அவருக்கு அடிவயிறு கனக்கிறது. சாயங்காலத்துக்குள் தொடை நடுவே உருண்டையாக ஏதோ வந்து இடிக்கிறது. ஒதுக்குப்புறமாகப் போய்க் கையால் உள்ளே தள்ளிவிட்டு மறுபடி வேலைக்கு வருகிறார். மகளிடம்கூடச் சொன்னதில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு ஒரு கிளினிக்குக்குப் போனார். மல்லாந்து படுக்கச் சொன்னார்கள். உடம்பையெல்லாம் இறுக்கிக்கொண்டு படுத்தார். முன்பின் தெரியாதவர் முன்னால் வேறெப்படிப் படுப்பார்? வாத்து மூக்குப் போன்ற கருவி உள்ளே போயிற்று, வெளியே வந்தது. "ஒன்றுமில்லை அம்மா, வயதாகிறது, அப்படித்தான் இருக்கும்!" முப்பது வருட உழைப்பின் விசாரணை இரண்டு நிமிடத்தில் முடிந்தது!

பளு தூக்காத வேலைக்குச் சீட்டு கிடைக்கவில்லை. மேற்பார்வையாளர் கேட்டாராம்: "டாக்டரே ஒன்றுமில்லை என்கிறார். நீ என்ன நாடகம் ஆடுகிறாய்?"

நாடகம் ஆடியவர் அவரா? இல்லை! அந்தப் பரிசோதனைதான் நாடகம்!

சங்கத்துக்கு இதில் என்ன வேலை?

"பெண்களின் அந்தரங்க நோயைத் தொழிற்சங்கப் பத்திரிகையில் எழுதலாமா?" என்று முகம் சுளிக்கும் தோழர்கள் உண்டு. அவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் நமக்குச் சம்பளத்தோடு நோய் விடுப்புத் தருகிறது. இரண்டு வருடத்துக்குக் குறைந்த சேவைக்கு 14 நாள், ஐந்து வருடத்துக்குக் குறைந்த சேவைக்கு 18 நாள், அதற்கு மேல் 22 நாள். ஆனால் டாக்டரின் சான்று இல்லாமல் ஒரு நாளும் கிடையாது. 1969-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயலாமைப் பென்ஷன் கேட்டாலும் டாக்டர்கள் அடங்கிய வாரியம் பார்த்துத்தான் முடிவு சொல்லும். அப்படியானால் தொழிலாளியின் கூலியும் ஓய்வும் டாக்டர் எழுதும் ஒரு வரியில் தொங்குகின்றன. அந்த வரி எந்தப் பரிசோதனையிலிருந்து வந்தது, அதை எவ்வளவு நம்பலாம் என்று கேட்பது சங்கத்தின் வேலை இல்லையென்றால், பால் நிறுக்கும் தராசைச் சோதிப்பதும் சங்கத்தின் வேலை இல்லை!

நோய் என்ன?

இடுப்புக் கூட்டின் அடியில் தொட்டில் கட்டியதுபோல் தசைகளும் நார்களும் இருக்கின்றன. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் ஆகியவற்றை அவைதாம் தாங்குகின்றன. அந்தத் தொட்டில் தளர்ந்தால், தாங்கியிருந்த உறுப்பு யோனிக்குள் இறங்குகிறது. முற்றினால் வெளியேயும் வருகிறது. சிலருக்குக் கர்ப்பப்பை இறங்கும். சிலருக்கு மூத்திரப்பை முன்சுவரைத் தள்ளும். சிலருக்கு மலக்குடல் பின்சுவரைத் தள்ளும். கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்களுக்கும் இது வரும். "அடி இறங்கிவிட்டது" என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான்.

பிரசவமும் வயதும் முக்கியக் காரணங்கள். உடற்பருமன், தீராத இருமல், தீராத மலச்சிக்கல் ஆகியவையும் சேரும். சுமையும் சேரும். டென்மார்க்கில் நோயாளிகளைத் தூக்கி இறக்கும் ஏறக்குறைய 28,000 உதவி நர்சுகளைப் பற்றிய ஆராய்ச்சி 1994-இல் வெளிவந்தது. மற்றப் பெண்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அதிகமாக அவர்கள் இந்த நோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருந்தார்கள். நம் கணக்கையும் போட்டுப் பாருங்கள்! ஒரு லிட்டர் பால் ஏறக்குறைய ஒரு கிலோ. இருபது லிட்டர் தூக்கினால் இருபது கிலோ. எத்தனை நாள், எத்தனை வருடம்! சுமை ஒன்றே காரணம் என்று நான் சாதிக்கவில்லை. சுமைக்குச் சம்பந்தமே இல்லை என்று எவரும் சாதிக்க முடியாது என்கிறேன்.

பரிசோதனை எங்கே பொய்க்கிறது?

ஒன்று: படுத்தால் பாரம் இறங்காது. நிற்கும்போதும் முக்கும்போதும் தள்ளுகிற உறுப்பு, மல்லாந்து படுத்ததும் தன் இடத்துக்குப் போய்விடும். படுத்தபடியே பார்த்தாலும், நன்றாக முக்கச் சொல்லி, குறைந்தது ஐந்தாறு விநாடி பார்த்தால் பெரும்பாலும் உண்மை தெரியும். முக்கவே சொல்லாமல் பார்த்தால் என்ன தெரியும்? அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஒரே பெண்களைப் படுக்க வைத்தும் நிமிர வைத்தும் அளந்தார்கள். பலருக்கு அளவு மாறவில்லை. ஆனால் கணிசமானவர்களுக்கு நிமிர்ந்த நிலையில் இறக்கம் கூடுதலாகத் தெரிந்தது. அந்தக் கணிசமானவர்களைத்தான் "ஒன்றுமில்லை" என்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

இரண்டு: மூத்திரப்பை நிறைந்திருந்தால் இறக்கம் குறைவாகத் தெரியும். கழித்துவிட்டு வரச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

மூன்று: வெட்கத்திலும் பயத்திலும் பெண் அடித்தசையை இறுக்குகிறாள். "முக்கு" என்று சொல்லும்போது சிலர் தம்மையறியாமல் இன்னும் இறுக்குகிறார்கள். இறங்க வேண்டியது அங்கேயே நின்றுவிடும். அதட்டிப் பரிசோதித்தால் தப்பான பதில்தான் கிடைக்கும்.

நான்கு: வாத்து மூக்குக் கருவி. அதன் இரண்டு தகடுகளும் மேல்சுவரையும் கீழ்ச்சுவரையும் தாங்கிப் பிடித்துக்கொள்கின்றன. விழுகிற கூரைக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, "கூரை விழவில்லையே" என்பது போன்றது இது! புற்றுநோய்க்காகப் பாப் ஸ்மியர் எடுக்க அந்தக் கருவி சரி. ஆனால் "பாப் ஸ்மியரில் ஒன்றுமில்லை" என்பதை "இறக்கம் இல்லை" என்று படிப்பது மகா தவறு. இறக்கத்தைப் பார்க்க ஒற்றைத் தகட்டுக் கருவியால் ஒரு சுவரைத் தாங்கிக்கொண்டு மறு சுவரைப் பார்க்க வேண்டும். பிறகு மாற்றிப் பார்க்க வேண்டும்.

அந்த ஒற்றைத் தகட்டுக் கருவிக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதற்குச் சிம்ஸ் என்ற அமெரிக்க டாக்டரின் பெயர். 1840-களில் அலபாமாவில், பருத்தித் தோட்ட முதலாளிகளுக்கு அடிமைகளாயிருந்த கறுப்பினப் பெண்களின் உடம்பில், மயக்க மருந்து இல்லாமல் கத்தி வைத்துக் கற்றவர் அவர். அனார்ச்சா, பெட்சி, லூசி என்று மூன்று பெயர்கள் மட்டும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. சம்மதமா என்று அவர்களை யார் கேட்டார்கள்? நியூயார்க்கில் நின்ற சிம்ஸின் சிலை 2018-இல் அகற்றப்பட்டது. இந்தப் பரிசோதனையின் கருவியே தோட்டப் பெண்ணின் வேதனையில் பிறந்தது. ஆகவே அதைப் பெண்ணின் சம்மதத்தோடும் மரியாதையோடும் ஒழுங்காகவும் செய்யுங்கள் என்று கேட்க, தோட்டப் பெண்களை விட உரிமை யாருக்கு உண்டு?

நியாயமான அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது!

"பரிசோதனையே நம்பத் தகாதது என்கிறீர்களா?" என்று கேட்கலாம். இல்லவே இல்லை! ஒழுங்காகச் செய்தால் கையும் கண்ணும் போதும். அவசரம்தான் பொய் சொல்லுகிறது.

முன்பெல்லாம் "லேசான இறக்கம், நடுத்தர இறக்கம்" என்று ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். 1972-இல் பேடன், வாக்கர் என்ற இருவர் ஒரு தர வரிசையைப் பரப்பினார்கள். 1996-இல் பல நாட்டு நிபுணர்கள் கூடிப் பி.ஓ.பி.கியூ என்ற முறையை வகுத்தார்கள். யோனி வாயிலில் கன்னிச்சவ்வு இருந்த விளிம்பு பூஜ்யம். அதற்கு உள்ளே கழித்தல், வெளியே கூட்டல். ஒன்பது அளவுகளைச் சென்டிமீட்டரில் எழுத வேண்டும். 0 முதல் 4 வரை ஐந்து நிலைகள். பழகிய இருவர் தனித்தனியே அளந்தாலும் விடை நன்றாக ஒத்துப்போகிறது என்று அதே 1996-இல் சோதித்துக் காட்டினார்கள். சென்டிமீட்டர் கோல் இருந்தால் போதும். இலட்ச வெள்ளி இயந்திரம் வேண்டாம்!

அந்த முறை இன்னொன்றும் சொல்லுகிறது. முழு இறக்கத்தையும் பார்த்துவிட்டோமா என்று டாக்டர் உறுதி செய்துகொள்ள வழிகள் தந்திருக்கிறது. முக்கும்போது சுவர் விறைத்து நிற்கிறதா? இழுத்துப் பார்த்தால் மேலும் இறங்குகிறதா? நின்றபடி முக்கச் சொன்னால் கூடுகிறதா? இவற்றோடு, "உனக்கு வழக்கமாக வருவது இவ்வளவுதானா, இன்னும் அதிகமா?" என்று அந்தப் பெண்ணையே கேட்க வேண்டும், வேண்டுமானால் சிறு கண்ணாடி கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம். தோழர்களே, கவனியுங்கள்! விஞ்ஞானம் எழுதிய விதியிலேயே பெண்ணின் வாய்மொழி சாட்சியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதைக் கேட்காமல் விடுகிறவர் பாதிப் பரிசோதனைதான் செய்திருக்கிறார்.

நம் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க மெட்ரோலாக் வைத்திருந்தார்கள். ஒட்டுப்பாலைக் கூட விடாமல் நிறுத்தார்கள். பாலை அளக்க அவ்வளவு துல்லியம். பால் சுமந்தவளை அளக்க ஒரு கண்பார்வைதானா?

மூன்று வாதங்களுக்குப் பதில்

முதல் வாதம்: "வேலைக்குக் கள்ளம் போடுகிறார்கள்." 2006-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை வெளிவந்தது. "அங்கே ஏதாவது புடைத்து வருவதைப் பார்க்கிறீர்களா, தடவினால் தெரிகிறதா?" என்று கேட்டு, பிறகு பரிசோதித்து ஒப்பிட்டார்கள். விளிம்புக்கு வெளியே இறக்கம் வந்த பெண்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவர்கள் "ஆம்" என்றே சொல்லியிருந்தார்கள். ஒரே கேள்வி! கேட்க அரை நிமிடம் போதும். ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இடுப்பு வலி, அடிவயிற்று வலி எல்லாம் இறக்கத்தால்தான் வருகின்றன என்று சொல்லிவிட முடியாது. அதனால்தான் வாய்மொழியோடு நல்ல பரிசோதனையும் வேண்டும் என்கிறோம்.

இரண்டாவது வாதம்: "ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்." சிக்கலான சிலருக்கு ஸ்கேன் உதவலாம். ஆனால் இந்த நோயைக் கண்டுபிடிக்கக் கேள்வியும் கையும்தான் முதல் வழி. "ஸ்கேனில் கர்ப்பப்பை நன்றாக இருக்கிறது" என்று ஒரு தாளை நீட்டி நோயை இல்லையென்பதும் தவறு. ஏழைப் பெண்ணிடம் வீணாக ஸ்கேனுக்குப் பணம் பறிப்பதும் தவறு.

மூன்றாவது வாதம் நம் பக்கத்திலிருந்தே வருகிறது: "பரிசோதனையில் இறக்கம் என்று எழுதிவிட்டால் உடனே ஆப்பரேஷன்தானே?" இல்லை, தாய்மார்களே! அமெரிக்காவில் 50 முதல் 79 வயது வரையுள்ள 27,000-க்கு மேற்பட்ட பெண்களைப் பரிசோதித்து 2002-இல் வெளியிட்டார்கள். கர்ப்பப்பை உள்ளவர்களில் நூற்றுக்கு 41 பேருக்கு ஏதோ ஓர் இறக்கம் இருந்தது. ஆனால் 2008-இல் வெளியான இன்னொரு கணக்கெடுப்பில், 20 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் "புடைத்து வருகிறது" என்று சொன்னவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்தாம். இரண்டும் வெவ்வேறு வயதுக் கணக்கு. ஆனாலும் விஷயம் விளங்குகிறது. சற்றே தளர்ந்த எல்லாமே நோயல்ல. தொந்தரவு இல்லாத இறக்கத்துக்குக் கத்தி வேண்டியதில்லை. ஆகவே கையும் வாயும் இரண்டும் சேர்ந்துதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். வாயைக் கேட்காத கை ஒரு நாள் நோயை மறைக்கும். மறுநாள் இல்லாத நோயைப் படைக்கும்!

தொந்தரவு உள்ளவர்களுக்கும் வழிகள் பல. அடித்தசைப் பயிற்சியை ஒருவர் அருகிருந்து முறையாகக் கற்றுக்கொடுத்தால் தொந்தரவு குறைகிறது என்று பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் நடந்த சோதனை 2014-இல் காட்டியது. உள்ளே வைத்துத் தாங்கிப் பிடிக்கும் வளையம் உண்டு. வேண்டுமென்று பெண் தீர்மானித்தால் அறுவைச் சிகிச்சையும் உண்டு. அந்த வளையத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கெட்டி ரப்பரில் செய்தார்கள். இப்போது பெரும்பாலும் சிலிக்கோனில் செய்கிறார்கள். டாக்டர் கையில் மாட்டும் உறையும் ரப்பர்ப் பாலில் பிறந்ததுதான். ரப்பர் உலகத்துக்கெல்லாம் வைத்தியம் பார்த்தது. ரப்பர் வெட்டியவளுக்கு மட்டும் "ஒன்றுமில்லை"!

நம் குற்றமும் உண்டு

டாக்டரை மட்டும் குற்றம் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. 1989-இல் ராணி பங்கும் அவருடைய குழுவினரும் மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் இரண்டு கிராமங்களின் 650 பெண்களைப் பரிசோதித்து உலகுக்கு அறிவித்தார்கள். நூற்றுக்கு 92 பேருக்கு ஏதேனும் ஒரு பெண்நோய் இருந்தது. அதற்கு முன் பரிசோதிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கு 8 பேர்தாம். தமிழ்நாட்டில் செங்கல்பட்டுப் பக்கம் 1981-இல் தொடங்கிய கிராமப்புறப் பெண்கள் அமைப்பு ரூசெக். அது அடி இறக்கம் கண்ட பெண்களின் வாயாலேயே அவர்கள் பட்ட பாட்டைக் கேட்டு 1999-இல் வெளியிட்டது. அவர்கள் வருடக்கணக்கில் சிகிச்சையின்றி, உழைப்பை நிறுத்தாமல் இந்த நோயைச் சுமந்தவர்கள். படிக்கும்போது நம் லயத்துப் பெண்களின் கதையாகவே தோன்றும்.

நம் லயங்களில் என்ன நடந்தது? டிரஸ்ஸர் ஆண், கங்காணி ஆண், சங்கக் கிளைத் தலைவரும் ஆண். யாரிடம் போய்ச் சொல்லுவாள்? சம்பளம், வீடு, போனஸ் என்று முழங்கிய நாம், நம் தாயின் அடிவயிற்றைப் பற்றிப் பேச வெட்கப்பட்டோம். நாம் வெட்கப்பட்டதற்கு வலியை அவர்கள் கொடுத்தார்கள்!

நாம் கேட்பது என்ன?

1. இறக்கம் என்று முறையிடும் பெண்ணை மூத்திரம் கழித்தபின், நன்றாக முக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் நிற்க வைத்தும் பார்க்க வேண்டும். கூட ஒரு பெண் ஊழியர் இருக்க வேண்டும்.

2. "லேசு" என்று எழுதாமல் சென்டிமீட்டரில் எழுத வேண்டும். எந்த நிலையில் பார்த்தார்கள், வழக்கமாக வரும் அளவு இதுதான் என்று பெண் சொன்னாளா என்பதையும் எழுத வேண்டும்.

3. இவை எழுதப்படாத "ஒன்றுமில்லை" சீட்டைக் காட்டி எந்த நிர்வாகமும் பளு குறைந்த வேலையை மறுக்கக் கூடாது. மறுபரிசோதனைக்கு, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனை போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளின் பெண்நோய் நிபுணர்களிடம் அனுப்பச் சீட்டுத் தர வேண்டும்.

4. ஒவ்வொரு சங்கக் கிளையிலும் மாதர் பகுதி இதைப் பேச வேண்டும். ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போக ஒரு சகோதரி இருக்க வேண்டும்.

தாய்மார்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பரிசோதனை மெத்தையில் வாயை மூடிக்கொண்டு படுக்காதீர்கள். "நின்றால்தான் வருகிறது, சாயங்காலம்தான் வருகிறது, இவ்வளவு பெரிதாக வருகிறது" என்று கையால் அளவு காட்டிச் சொல்லுங்கள். "முக்கட்டுமா? நிற்கட்டுமா?" என்று நீங்களே கேளுங்கள். அது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல, உங்கள் உரிமை.

நேப்பாளத்தில் இந்த நோயால் வாடிய பெண்களுக்காக வழக்குப் போட்டார்கள். இதை இப்படியே விட்டுவைப்பது பெண்ணின் உரிமையை மீறுவதாகும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்புச் சொல்லி, நடவடிக்கை எடுக்க அரசுக்கு உத்தரவிட்டது. மலையடிவாரத்து ஏழைப் பெண்களின் முனகல் நீதிமன்றம் வரை போயிற்று. சங்கம் வைத்துச் சம்பளம் வாங்கிய நம் பெண்களின் குரல், கிளினிக்கின் திரைக்குள்ளேயே அடங்கிவிட வேண்டுமா?

வாளி ஒழுகுகிறதா என்று பார்க்க நிறைத்துத் தூக்கிப் பாருங்கள்! உழைத்தவள் உடம்பைப் பார்க்க அவளை நிற்க வையுங்கள், அவள் சொல்வதைக் கேளுங்கள், அளந்து எழுதுங்கள்! அதற்குப் பிறகு "ஒன்றுமில்லை" என்றால் ஒப்புக்கொள்கிறோம். அதுவரை ஒப்புக்கொள்ள மாட்டோம்!

வாழ்க உழைக்கும் மாதர்! ஓங்குக தொழிலாளர் ஒற்றுமை!